கட்டிங் மெஷினில் இதழ்த்துளைக் காகிதக் கூடை: வரைபடம் முதல் கைப்பிடி வரை

காகிதக் கூடை பிய்ந்துபோனால் பழி பெரும்பாலும் பசையின் மேல் விழுகிறது. ஆனால் பசை பாட்டிலைத் திறப்பதற்கு வெகு முன்பே, திரையில் கோடு போடும்போதே, அந்தக் கூடை நிமிர்ந்து நிற்குமா சாயுமா என்பது முடிவாகிவிடும். ஒட்டும் மடல் எந்தச் சுவரில் இருக்கிறது, தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது, துளைக்கும் மடிப்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் விட்டிருக்கிறோம் என்ற மூன்றையும் கட்டிங் மெஷின் (கணினியில் வரைந்த கோட்டின்படி தாளைப் பிளேடால் வெட்டும் கருவி) நமக்காக யோசிக்காது. கோடு போட்ட இடத்தில் வெட்டும், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் வரைபடத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். வெட்டுவதும் ஒட்டுவதும் அதற்குப் பிறகு சுலபம்.

செய்யப்போகும் கூடையின் அடி 9 × 9 செ.மீ. சதுரம். மேலே போகப் போக விரிந்து, வாய் 11 × 11 செ.மீ. ஆகும். சுவரின் உயரம் 8 செ.மீ.; அதற்கு மேல் கைப்பிடி ஏறக்குறைய 7 செ.மீ. வளைந்து நிற்கும். நான்கு சுவர்களிலும் சேர்த்து 60 இதழ்த்துளைகள் (பூவிதழ் வடிவத் துளைகள்). உள்ளே டிரேசிங் பேப்பர் ஒட்டினால் துளைகளின் வழியே மங்கலான வெளிச்சம் தெரியும், கூடைக்குள் இருக்கும் பொருளும் நேரடியாகக் கண்ணில் படாது.

தேவையானவை

30.5 × 30.5 செ.மீ. (12 அங்குலம்) கார்டுஸ்டாக் எனும் தடித்த தாள் 2. ஒன்று கூடையின் உடலுக்கு. மற்றொன்று கைப்பிடி, விளிம்புப் பட்டை, அடித்தகடு மூன்றுக்கும். இரண்டாவது தாள் வேறு நிறமாக இருந்தால் அழகு. கனம் 200 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அட்டை உறையில் பவுண்ட் கணக்கு இருந்தால் 80 பவுண்ட் (216 ஜிஎஸ்எம்) என்று பார்த்து வாங்குங்கள். 65 பவுண்ட் (176 ஜிஎஸ்எம்) தாள் வெட்ட இனிமையாக இருக்கும், ஆனால் இத்தனை துளை போட்ட பிறகு சுவர் குழைந்துவிடும். 270 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் இதழின் கூர்முனையில் பிளேடு திரும்ப முடியாமல் தாளைப் பிய்க்கும்.

தாளின் உட்பகுதி நிறத்தையும் பாருங்கள். ஒரு மூலையைச் சற்றே கிழித்தால் தெரியும்: முழுக்க ஒரே நிறமா, அல்லது மேலே மட்டும் நிறம், உள்ளே வெள்ளையா என்று. உள்ளே வெள்ளையான தாளில் ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். இந்தக் கூடையில் 8 மடிப்புகள் வெளியே தெரிகிற இடத்தில் இருப்பதால் முழுநிறத் தாள்தான் சரி.

இவற்றோடு ஏ4 டிரேசிங் பேப்பர் 1, மெல்லிய மூக்குள்ள பாட்டிலில் வெள்ளைப் பசை (பிவிஏ வகை), 3 மி.மீ. அகல இரட்டைப் பக்க டேப், ட்வீசர், எஃகு ஸ்கேல், 8 சிறு கிளிப், மடிப்பைத் தேய்க்க ஒரு மழுங்கிய பட்டை. பட்டை இல்லாவிட்டால் கரண்டியின் பின்புறம் அதே வேலையைச் செய்யும். மெஷினுக்கு நடுத்தர ஒட்டுள்ள மேட், அதாவது வெட்டும்போது தாளைப் பிடித்துவைக்கும் ஒட்டுப் பாய் (கிரிக்கட் என்ற பிராண்டு மெஷினில் பச்சை நிற மேட்), 45 டிகிரி கோணமுள்ள மெல்லிய பிளேடு, மடிப்புக் கோடு போடும் ஸ்டைலஸ் அல்லது சக்கரம்.

வரைபடம்

திசையன் வரைகலை மென்பொருள் எதுவானாலும் சரி. இங்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைக்கிறது. 250 × 250 மி.மீ. பக்கம் ஒன்றைத் திறந்து, இடது மேல் மூலையைச் சுழியமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள எண்களெல்லாம் மில்லிமீட்டரில். முதல் எண் இடமிருந்து வலம், இரண்டாவது மேலிருந்து கீழ்.

நடுச் சதுரம் (80, 80) முதல் (170, 170) வரை. இதன் நான்கு பக்கங்களும் மடிப்புக் கோடுகள், வெட்டுக் கோடுகள் அல்ல. மேல் சுவர் ஒரு சரிவகம்: (80, 80), (70, 0), (180, 0), (170, 80). அதாவது அடியில் 90, விளிம்பில் 110. இதையே 90 டிகிரி வீதம் சுழற்றி மற்ற மூன்று சுவர்களையும் வையுங்கள். சிலுவை போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். மொத்த அகலமும் உயரமும் 25 செ.மீ., எனவே 30.5 செ.மீ. தாளில் தாராளமாக அடங்கும்.

அடுத்து மடல்கள். இடது, வலது சுவர்களின் சாய்ந்த ஓரங்களில் மட்டும் மடல் வரும். மேல், கீழ் சுவர்களில் வராது. ஆக மொத்தம் 4 மடல். அகலம் 12 மி.மீ. ஓரத்தின் இரு முனைகளிலிருந்தும் 2 மி.மீ. உள்ளே தள்ளித் தொடங்கி, மடலின் இரு நுனிகளையும் 45 டிகிரி சாய்த்து வெட்டுங்கள். உள்ளே தள்ளாமலும் நுனியைச் சாய்க்காமலும் செங்குத்தாக விட்டால் ஒட்டிய பிறகு மடலின் மூலை விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் விளிம்பில் கோணம் 90 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அந்தக் குறைவுதான் துருத்தலுக்குக் காரணம். மடல் சுவரோடு சேரும் கோடும் மடிப்புக் கோடே.

இனி துளைகள். ஒவ்வொரு இதழும் 16 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், இரு முனையும் கூர். மேல் சுவரில் 6 நிரல், 3 வரிசை. நிரல்களின் மையம் 102.5, 111.5, 120.5, 129.5, 138.5, 147.5. வரிசைகளின் மையம் 28, 46, 64. இப்படி வைத்தால் இதழுக்கும் இதழுக்கும் பக்கவாட்டில் 3 மி.மீ., முனைக்கும் முனைக்கும் 2 மி.மீ. தாள் மிஞ்சும். அடி மடிப்பிலிருந்து 8 மி.மீ., விளிம்பிலிருந்து 20 மி.மீ., சாய்ந்த ஓரங்களிலிருந்து 20 மி.மீ.க்குக் குறையாமல் வெற்றிடம் நிற்கும். இந்த ஓர இடத்தை "இன்னொரு நிரல் போடலாமே" என்று தொட வேண்டாம். உள்ளே 12 மி.மீ. மடல் ஒட்டப்போகிறது; துளை அதன் மேல் வந்தால் வெளியிலிருந்து மடலும் பசையும் தெரியும். இதழ் முனைகளைக் கணினி எவ்வளவு கூராக வரைந்தாலும் 0.5 மி.மீ. ஆரத்தில் லேசாக மழுங்கச் செய்துவிடுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பிளேடுக்குத் தெரியும்.

கீழ் சுவருக்கும் இதே அமைப்பு. இடது, வலது சுவர்களுக்கு இதையே சுழற்றி வைத்து, நடுவிலுள்ள இரண்டு நிரல்களை மட்டும் நீக்குங்கள். அங்கே 21 மி.மீ. அகலத்தில் துளையில்லாத பட்டை ஒன்று விளிம்பிலிருந்து அடி வரை ஓடும். 20 மி.மீ. கைப்பிடி அதன் மேல் உட்காரும். மேல், கீழ் சுவர்களில் தலா 18, இடது, வலதில் தலா 12.

கைப்பிடி ஏன் மடலுள்ள சுவரில்?

இந்த ஒரு முடிவுக்காகவே வரைபடத்தை இவ்வளவு விளக்கமாகச் சொன்னோம். வளைத்த கைப்பிடி எப்போதும் நிமிரப் பார்க்கும். அதனால் தான் ஒட்டியிருக்கும் இரண்டு சுவர்களையும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மடல் இல்லாத சுவரில் கைப்பிடி இருந்தால், அந்தத் தள்ளல் சுவரை மடலிலிருந்து உரித்தெடுக்கும் திசையில் போகும். மடலுள்ள சுவரில் இருந்தால், மடல் அடுத்த சுவரின் மேல் வழுக்கிப் போகும் திசையில் இழுபடும். எந்தப் பசையும் உரிப்பதற்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கும், வழுக்கி இழுப்பதற்கு லேசில் அசையாது. ஒட்டிய டேப்பை மூலையிலிருந்து உரித்துப் பாருங்கள், பிறகு தட்டையாக இழுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். அதே தாள், அதே பசை. கைப்பிடியை எந்தச் சுவரில் வைத்தோம் என்பதிலேயே மூலை பிளப்பதும் பிளக்காததும் இருக்கிறது.

இரண்டாவது தாளில் வரும் துண்டுகள்

கைப்பிடியின் வெளிப்பட்டை: 280 × 20 மி.மீ., இரு முனையும் அரைவட்டம். உட்பட்டை: 199 × 20 மி.மீ., முனைகள் நேர்வெட்டு. விளிம்புப் பட்டை 4: மேலே 108, கீழே 104, உயரம் 15 மி.மீ.; கீழ் ஓரத்தைச் சிறு அலைகளாக வரையலாம். சுவரின் விளிம்பு 110 என்றாலும் பட்டையை 108 ஆகக் குறைப்பது மூலையில் இரண்டு பட்டைகள் மோதாமல் இருப்பதற்காக. அடித்தகடு 2: தலா 88 × 88 மி.மீ. இவை எல்லாம் ஒரே தாளில் அடங்கும். கிரிக்கட்டின் 12 அங்குல மேட்டில் வெட்டும் பரப்பு 29.2 செ.மீ. தான் என்பதால் வெளிப்பட்டையின் 28 செ.மீ.க்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

டிரேசிங் பேப்பரில் 61 × 60 மி.மீ. செவ்வகம் 4.

நார் ஓட்டம்

தொழிற்சாலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு வழவழப்பாக வரும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். கண்டுபிடிக்க: தாளை மடிக்காமல் இரு கைகளால் மெல்ல வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்த வளைவு கையை எதிர்க்காமல் இணங்குகிறதோ, அந்த வளைவின் முதுகெலும்புக்கு இணையாக நார் ஓடுகிறது. ஓரத்துண்டைக் கிழித்தும் பார்க்கலாம்; நாரோடு கிழிந்தால் கோடு நேராகப் போகும், குறுக்கே கிழிந்தால் கோணலாகும்.

சிலுவை வடிவத்தில் எப்படியும் சில மடிப்புகள் நாருக்குக் குறுக்கேதான் வரும். எண்ணிப் பாருங்கள்: நான்கு மடல் மடிப்புகளும் ஏறக்குறைய கிடையாக ஓடுகின்றன, அடியின் மேல், கீழ் மடிப்புகளும் கிடை. செங்குத்தானவை அடியின் இடது, வலது மடிப்புகள் இரண்டு மட்டும். ஆகவே இடது சுவரிலிருந்து வலது சுவரை நோக்கி நார் ஓடும்படி தாளை மேட்டில் வையுங்கள். 8 மடிப்பில் 6 நாரோடு போகும். மென்பொருள் இடம் மிச்சப்படுத்துவதற்காக வடிவத்தைத் தானாகவே சுழற்றிவிடுவதுண்டு. வெட்டுக்கு முந்தைய மேட் காட்சியில் மடலுள்ள சுவர்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கைப்பிடிக்கு நார் நீளவாக்கில் ஓட வேண்டும். வளைக்கச் சற்று முரண்டு பிடிக்கும், ஆனால் இழுப்பைத் தாங்கும்.

மென்பொருளில்

கோப்பை எஸ்விஜி என்ற திசையன் கோப்பு வகையில் சேமித்து மெஷினின் மென்பொருளில் ஏற்றுங்கள். எஸ்விஜி திறக்காத பதிப்பாக இருந்தால் டிஎக்ஸ்எஃப் என்ற வகையில் சேமியுங்கள். ஏற்றியதும் முதல் வேலை, மொத்த அகலம் 25 செ.மீ. காட்டுகிறதா என்று பார்ப்பது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அளவு சுருங்குவதும் பெருகுவதும் அடிக்கடி நடக்கும். மாறியிருந்தால் நீள அகல விகிதத்தைப் பூட்டிவிட்டு 25 என்று தட்டச்சு செய்யுங்கள். மடிப்புக் கோடுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு அளவை மாற்றுங்கள். இல்லாவிட்டால் உடல் ஓர் அளவிலும் கோடுகள் வேறு அளவிலும் நிற்கும்.

பிறகு 8 மடிப்புக் கோடுகளின் வகையை "ஸ்கோர்" என்று மாற்றி, அவற்றையும் வெட்டு வடிவத்தையும் சேர்த்துத் தேர்ந்து "அட்டாச்" (இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் கட்டளை) கொடுங்கள். இதை மறந்தால் மென்பொருள் கோடுகளைத் தனிப் பொருளாகக் கருதி மேட்டின் வேறொரு மூலையில் அடுக்கிவிடும். கூடை ஒரு பக்கம், மடிப்புகள் இன்னொரு பக்கம் என்று தாள் வீணாவதற்கு இதுவே முதல் காரணம்.

உங்கள் மெஷினில் ஸ்கோர் வசதி இல்லையென்றால் மடிப்பைப் புள்ளிக்கோடாக வெட்டலாம்: 1 மி.மீ. வெட்டு, 2 மி.மீ. இடைவெளி. மடல்களுக்கு இது போதும். ஆனால் அடியின் நான்கு மடிப்புகளுக்கு வேண்டாம். கூடையைத் தூக்கும்போது எடை அடியிலிருந்து அந்த மடிப்புகள் வழியாகத்தான் சுவருக்கு ஏறுகிறது. அங்கே துளையிட்ட தாள் ஒருநாள் தபால்தலை போலக் கிழியும். அந்த நான்கையும் எஃகு ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கையாலேயே கோடு போடுங்கள்.

சோதனை வெட்டு

தாளின் மூலையில் 20 மி.மீ. சதுரமும் அதற்குள் ஒரே ஓர் இதழும் வெட்டிப் பாருங்கள். கிரிக்கட்டில் 80 பவுண்ட் மீடியம் கார்டுஸ்டாக் அமைப்பில் தொடங்கலாம். நுணுக்க வெட்டுக்கான கார்டுஸ்டாக் அமைப்பும் உண்டு, இந்த இதழ்களுக்கு அது பொருத்தம். சில்லவுட் கேமியோ போன்ற மற்ற பிராண்டு மெஷின்களில் கார்டுஸ்டாக் முன்னமைப்பை எடுத்து வேகத்தை மட்டும் குறையுங்கள்.

ட்வீசரால் தொட்டதும் இதழ் தானாக எழுந்து வர வேண்டும். நார் இழுத்துக்கொண்டு வந்தால் அழுத்தத்தை ஒரு படி கூட்டுங்கள், அல்லது இரண்டு முறை வெட்டச் சொல்லுங்கள். இரண்டாவது வழியே நல்லது. ஒரே அடியில் ஆழமாக வெட்டும்போது கூர்முனைகள் கிழியும். மேட்டைப் புரட்டிப் பார்த்தால் பின்னால் வெட்டுத் தடம் அழுத்தமாகத் தெரிகிறது என்றால் அழுத்தம் அதிகம்.

வெட்டுதல்

தாளின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். ஸ்டைலஸ் பள்ளம் மேல்பக்கம் விழும். மடிக்கும்போது பள்ளம் வெளியேயும் பின்பக்கத்துப் புடைப்பு உள்ளேயும் இருந்தால்தான் நார் உடையாமல் மடியும். நல்ல பக்கம் மேலே வைத்தால் இது தானாக அமைந்துவிடும்.

ரப்பர் உருளையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருட்டி ஒட்டுங்கள். நடுவில் காற்றுக்குமிழ் இருந்தால் அந்த இடத்து இதழ்கள் மட்டும் சரியாக வெட்டுப்படாது. புது மேட் என்றால் ஒட்டு கடுமையாக இருக்கும். சுத்தமான பருத்தித் துணியை அதன்மேல் இரண்டு மூன்று முறை ஒற்றியெடுத்தால் தணியும்.

ஸ்டைலஸ் என்றால் அது கோடு போட்டு முடித்ததும் பிளேடு வேலையைத் தொடரும். சக்கரம் என்றால் நடுவில் நிறுத்திப் பிளேடை மாற்றச் சொல்லும். அப்போது மேட்டை வெளியே தள்ளிவிடாதீர்கள். மறுபடி ஏற்றினால் கோடும் வெட்டும் அரை மில்லிமீட்டராவது விலகும், மூலைகள் சேராது. வெட்டி முடித்த பிறகும் மேட்டை இறக்குவதற்கு முன் ஓர் இதழைத் தூக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் மேட்டை அசைக்காமல் அதே வெட்டை இன்னொரு முறை ஓட்டலாம். இறக்கிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

எடுக்கும்போது தாளை மேட்டிலிருந்து உரிக்கக் கூடாது. மேட்டைத் தாளிலிருந்து உரிக்க வேண்டும். மேட்டைக் கவிழ்த்து, தாள் மேசையில் தட்டையாகப் படுத்திருக்க, மேட்டின் மூலையைத் தூக்கி மெல்லச் சுருட்டிக்கொண்டே போங்கள். பெரும்பாலான இதழ்த் துண்டுகள் மேட்டிலேயே தங்கிவிடும். தாளோடு வந்தவற்றைப் பின்பக்கத்திலிருந்து ட்வீசரால் தள்ளுங்கள்.

மடிப்பு

8 மடிப்புகளும் ஒரே திசை: பள்ளத்திலிருந்து விலகி, பின்பக்கமாக. முதலில் மடல்கள், பிறகு அடி. ஸ்கேலை மடிப்புக் கோட்டில் வைத்து அதன் ஓரத்தில் தாளைத் தூக்கி மடித்தால் துளையுள்ள சுவர் நடுவில் வளையாது. மடித்த கோட்டைப் பட்டையால் ஒரு முறை அழுத்தித் தேயுங்கள். இதழ்களின் மேல் தேய்க்காதீர்கள், 2 மி.மீ. பாலங்கள் நசுங்கிப் பளபளக்கும்.

டிரேசிங் பேப்பரைச் சுவர்கள் தட்டையாக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள். செவ்வகத்தின் நான்கு ஓரங்களிலும் 3 மி.மீ. டேப் போதும். திரவப் பசை வேண்டவே வேண்டாம்: டிரேசிங் பேப்பர் ஈரத்தில் அலை அலையாகச் சுருங்கும், காய்ந்த பசையும் கறைபோலத் தெரியும். 61 × 60 என்ற அளவு துளைப் பரப்பை மூடியபின் ஓரங்களில் 4 முதல் 5 மி.மீ. மட்டும் மிஞ்சுவதற்காகச் சொன்னது. அதைப் பெரிதாக்கினால் மடல் ஒட்டும் இடத்தில் நுழைந்துவிடும்.

மூலைகள்

ஒரு மடலில் பசையை மெல்லிய கோடாக இட்டு, விரலால் படலமாகப் பரப்புங்கள். சொட்டாக இருக்கக் கூடாது. மடல் சுவரின் உட்பக்கம் போகும். சுவரின் சாய்ந்த ஓரம் மடலின் மடிப்புக் கோட்டோடு அச்சாகப் பொருந்த வேண்டும். முதலில் அடி மூலையைச் சேர்த்து, பிறகு விளிம்பை நோக்கி அழுத்திக்கொண்டே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் பிழையெல்லாம் அடியில் திரண்டு அங்கே ஒரு ஓட்டை விழும்.

30 முதல் 60 விநாடி பிடித்திருந்து, மேல் ஓரத்தில் கிளிப் போடுங்கள். அடுத்து ஒட்ட வேண்டியது பக்கத்து மூலை அல்ல, எதிர் மூலை. வரிசையாகச் சுற்றி வந்தால் சிறு சிறு விலகல்கள் கூடிக் கடைசி மூலையில் மொத்தமாக நிற்கும், கூடை முறுக்கிக்கொள்ளும். நான்கும் முடிந்ததும் அரை மணி நேரம் விடுங்கள்.

அடித்தகடுகளை இப்போது வையுங்கள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இரண்டாவதன் நார் முதலாவதற்குக் குறுக்காக இருக்கட்டும். அடி குழியாமல் தட்டையாக நிற்கும். பசை ஓரங்களில் சட்டமாகவும் நடுவில் ஒரு குறுக்குக் கோடாகவும் போதும். முழுப் பரப்பிலும் பூசினால் ஈரம் அடியை வளைக்கும். உள்ளே ஒரு புத்தகத்தையோ கனமான டப்பாவையோ வைத்துக் காய விடுங்கள்.

கைப்பிடி

இரண்டு பட்டைகளையும் முதலில் தனித்தனியாக வளைவுக்குப் பழக்குங்கள். பட்டையை மேசை ஓரத்தில் வைத்து, மேலே விரலால் லேசாக அழுத்தி, கீழ்நோக்கி இழுங்கள். ஒரே இழுப்பில் முரட்டுத்தனமாக வேண்டாம், மூன்று நான்கு மெல்லிய இழுப்புகள். அழுத்தம் ஓரிடத்தில் தேங்கினால் அங்கே மடிந்து கோடு விழும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

வளைந்த நிலையிலேயே இரண்டையும் ஒட்ட வேண்டும். 11 செ.மீ. விட்டமுள்ள டப்பா இருந்தால் அதன்மேல் உட்பட்டையைச் சுற்றி, பசை தடவி, வெளிப்பட்டையை நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் அழுத்துங்கள். தட்டையாக ஒட்டிவிட்டுப் பிறகு வளைத்தால் உட்பட்டைக்கு நீளம் மிஞ்சிச் சுருக்கம் விழும். உட்பட்டை 200 அல்லாமல் 199 ஆக இருப்பதும் இதனால்தான்: கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனமுள்ள தாள் அரைவட்டம் போகும்போது உள்வட்டம் ஏறக்குறைய 1 மி.மீ. குறுகும்.

வெளிப்பட்டையின் இரு முனைகளிலும் சுமார் 4 செ.மீ. ஒற்றை அடுக்காக மிஞ்சும். அந்த 4 செ.மீ. சுவரின் வெளிப்பக்கத்தில், துளையில்லாத 21 மி.மீ. பட்டையின் மேல் ஒட்டும்; உட்பட்டையின் முனை சரியாக விளிம்பின் மேல் வந்து உட்காரும். இதனால் சுவரில் இரண்டு அடுக்குத் தடிமன் ஏறாது, மேலே வரப்போகும் விளிம்புப் பட்டையும் மேடு தட்டாது. ஒட்டுவதற்கு முன் சுவரின் நடுவைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் ஒட்டிக் காய்ந்த பிறகு அடுத்த பக்கம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

கடைசியாக நான்கு விளிம்புப் பட்டைகளைச் சுவர்களின் வெளிப்பக்கம், மேல் ஓரத்தில் ஒட்டுங்கள். சுவரில் ஒட்டிய கைப்பிடி முனையின் மேல்பகுதி 1.5 செ.மீ.யை இவை மூடிக்கொள்ளும், விளிம்பும் விறைப்பாகும். பசை 24 மணி நேரம் முழுதாக இறுகும் வரை கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

தவறுகளும் காரணங்களும்

இதழ் முனை கிழிகிறது, மற்ற இடம் சுத்தமாக இருக்கிறது என்றால் வேகத்தைக் குறைத்து, முனையை இன்னும் கொஞ்சம் மழுங்கச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் பிசிறு அடித்தால் பிளேடு. அதன் உறைக்குள் காகிதத் தூசி சிக்கியிருக்கலாம். அலுமினியத் தாளைப் பந்தாக உருட்டிப் பிளேடு நுனியைப் பல முறை குத்தியெடுத்துத் தூசியை ஊதிவிட்டுப் பாருங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் புதுப் பிளேடு வேண்டும்.

ஒரே சுவரில் மட்டும் சில துளைகள் சரியில்லை என்றால் மெஷினைச் சந்தேகிக்காதீர்கள். மேட்டின் அந்தப் பகுதியில் ஒட்டு போயிருக்கிறது. ஓரங்களில் பெயின்டர் டேப் போட்டு ஒப்பேற்றலாம், ஆனால் நடுவில் ஒட்டு இல்லாத மேட்டில் நுணுக்க வெட்டு வராது.

மூலை பொருந்தவில்லை, எல்லா மூலையிலும் ஒரே மாதிரி விலகல் என்றால் மடிப்புக் கோடுகள் மொத்தமாக நகர்ந்திருக்கின்றன. ஸ்டைலஸ் அதன் பிடியில் முழுதாக இறங்கி உட்கார்ந்ததா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் என்றால் மடிப்பு கோட்டை விட்டு விலகியிருக்கிறது.

மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால், அதே நிற மையைப் பஞ்சில் தொட்டு மடிப்பின் மேல் இழுத்துவிடலாம். ஈரமான நாளில் தாள் ஈரம் குடித்துத் தளர்ந்திருக்கும், வெட்டும்போதே நார் இழுபடும். தாளை உறையை விட்டு முந்தின நாளே எடுத்து வெளியில் வைக்க வேண்டாம்.

அளவை மாற்றினால்

வரைபடத்தை அப்படியே 80 சதவீதமாகச் சுருக்கினால் 20 செ.மீ. ஆகி ஏ4 தாளில் அடங்கும். ஆனால் இதழ் முனைகளுக்கு நடுவே உள்ள 2 மி.மீ. 1.6 ஆகிவிடும், 216 ஜிஎஸ்எம் தாளில் அது துளையை எடுக்கும்போதே அறும். கூடையின் உடலைச் சுருக்குங்கள், இதழைச் சுருக்காதீர்கள்: அதே 16 × 6 மி.மீ. இதழ், 4 நிரல், 2 வரிசை. கைப்பிடிச் சுவரில் நடு இரண்டு நிரலை எடுத்தால் இங்கும் 21 மி.மீ. பட்டை கிடைக்கும், 16 மி.மீ. கைப்பிடிக்கு அது தாராளம். மடலை மட்டும் 10 மி.மீ.க்குக் கீழே இறக்காதீர்கள்.

4.5 அங்குல மேட்டுள்ள சிறு மெஷினில் சிலுவை வடிவம் நுழையாது. நான்கு சுவர்களையும் தனித்தனியாக, ஒவ்வொன்றின் அடியிலும் 12 மி.மீ. மடல் சேர்த்து வெட்டுங்கள். சுவரின் உயரமும் மடலும் சேர்ந்து 9.2 செ.மீ. தான், மேட்டின் அகலத்தில் அடங்கும். அடி மடலின் இரு நுனிகளையும் 45 டிகிரி சாய்த்துவிட்டால் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. இந்த மடல்களை இரண்டு 88 மி.மீ. அடித்தகடுகளுக்கு நடுவே வைத்து ஒட்டுங்கள், ஒரு தகட்டின் கீழே மட்டும் அல்ல. இரு பக்கமும் பசை பிடித்திருக்கும் மடல் தூக்கும்போது உரியாது.